புத்தூர் ஓதற்பிரிவியல், உரையுடன்

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், புத்தூர்ச் சந்தியில் பஸ் ஏறிக் கட்டுநாயக்காவில் பிளேன் ஏறிப் படிக்கப் போகும் பிள்ளைகளின் தொகையும் வகையும் உணர்த்துதல் நுதலிற்று.

தொல்காப்பியர் பிரிவுக்குச் சொன்ன காரணங்களில் ஓதலும் ஒன்று. அதற்கு எல்லையும் வைத்தார்: மூன்று ஆண்டுக்கு மேற்படாது. இங்கிலாந்தின் பட்டப்படிப்பும் பெரும்பாலும் மூன்றே ஆண்டு. பல்கலைக்கழகங்கள் விதியைக் காக்கின்றன, மீறுவோர் நம்மவர். அவ்விதி உள்ள தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையோ நமக்குப் பக்கத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர். தாமும் கடல் கடந்தவர். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் அவரும் விசுவநாதபிள்ளையும், இருவரும் யாழ்ப்பாணத்தார். ஓதற்பிரிவு நூற்பாவின் அச்சுப்படியைத் திருத்துகையில் பிள்ளையவர்களின் பேனா ஒரு கணம் நின்றிருக்கும் என்பது எம் கருத்து. சான்று கேளற்க.

பெண்ணோடு கடல் கடக்கும் வழக்கம் இல்லை என்பதும் அந்நூல். இன்று பெண்பிள்ளைகள் அல்லவோ முந்திப் போகிறார்கள் எனின், அவர்கள் தனியே போகிறார்கள். 'ஓடு' உருபுக்கு அங்கே வேலை இல்லை. ஆதலின் வழு அன்று.

இனி வகை. முதலாவது தூள்சுமந்தார். பெட்டியின் 30 கிலோவில் பாதி வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல், பனங்கட்டி, மீதியில் உடுப்பு. முதற்கிழமையே விடுதிக் குசினியில் தாளிப்பர். தீயெச்சரிக்கை மணி அடிக்கும். ஏழு நாட்டுப் பிள்ளைகள் குளிரில் வெளியே நிற்பர். ஈஸ்ட்ஹாம் கடையிலும் ஸ்காபரோக் கடையிலும் அதே தூள் கிடைக்குமே எனின், கிடைக்கும். அம்மாவின் கணக்கில் அது தூள் அன்று.

இரண்டாவது தந்தையானார். நம் வழக்கில் தகப்பன் பெயர் முன், பிள்ளை பெயர் பின். வெளிநாட்டுப் படிவம் முன்னதைப் பிள்ளைக்கும் பின்னதைக் குடும்பத்துக்கும் எழுதிக்கொள்ளும். உரைகாரர் வழக்கப்படி சாத்தன் மகன் கொற்றன் எனக் கொள்க. முதல்நாள் வகுப்பில் 'ஹாய் சாத்தன்' என்று கை நீளும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயர் சொல்லிக் கூப்பிட்டவனுக்கு அடி நிச்சயம். அங்கே யாரை அடிப்பது? கொற்றன் மூன்று வருடமும் அப்பாவாகவே இருந்து படிக்கிறான். காலை ஒன்பது மணி வகுப்புக்கு வராத பழி, புத்தூர்ச் செம்மண்ணில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறும் சாத்தன் தலையில் விழுகிறது. கட்டுரை பிந்தியதற்குக் கண்டனக் கடிதமும் சாத்தனுக்கே. இதில் ஒரு நீதி இருப்பதாகவும் எமக்குப் படும். காசு கட்டியவர் அவர்தானே.

மூன்றாவது எட்டாம் வேற்றுமை இழந்தார். பேராசிரியர், 'என்னை டேவிட் என்றே கூப்பிடு' என்கிறார். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்க நாக்கு வளையாது. விளியை விட்டு, கண்ணிற்படும்படி நின்று, செருமி, 'எக்ஸ்கியூஸ் மீ' என்று தொடங்கிக் காலம் கடத்துவர். நடுவழி தேடிய ஒருவன் 'சேர் டேவிட்' என்றான். ஊரில் அது மரியாதை. அந்த நாட்டில் அரசர் தோளில் வாள் வைத்துக் கொடுக்கும் பட்டம்.

நான்காவது நிலாவரையார். ஊருக்கு அருகே நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. குளிர்காலத்தில் இலண்டன் மாலை ஐந்துக்கே இருட்டிவிடும். புத்தூரில் அப்போது இரவு பத்தரை. வீடியோ அழைப்பு வரும்.

'சாப்பிட்டியா?'

'ஓம் அம்மா.'

'கூடப் படிக்கிற பிள்ளையள் நல்லாக் கதைக்கிறவையே?'

'ஓம் அம்மா, வடிவாக் கதைப்பினம்.'

இதுவரை நன்னீர். கீழே அளந்தவர் இலர்.

ஐந்தாவது திணைமயக்கத்தார். பிரித்தானிய மாணவ விசா, பட்டப் படிப்பின் தவணைக் காலத்தில் வாரம் 20 மணி நேர வேலைக்கு இடங்கொடுக்கும். ஓதற்கோ பொருட்கோ பிரிந்தான் என்று உரைகாரர் மயங்குவர். கடையில் பாண் அடுக்குகிறவன் மயங்குவதில்லை, அவனுக்கு நித்திரை வருகிறது.

புறனடை: 1960இல் மொஸ்கோவில் தொடங்கிய லுமும்பா பல்கலைக்கழகத்துக்குப் போனோர்க்கு ருஷ்ய மொழி படிக்கவே ஓராண்டு போயிற்று. மூன்றாண்டு விதி அவர்க்கு ஒவ்வாது.

இனி, மூன்றாண்டு முடிந்தும் மாஸ்டர்ஸ் என்பார், பிறகு விசா என்பார், அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு என்பார். இவர் மீளுங்காலம் யாதோ எனின், எடுத்துக்காட்டுக் கையில் அகப்படாத இடத்தில் உரைகாரர் எழுதும் தொடர் ஒன்றுண்டு. படலையடியில் நின்ற ஒரு தாய்க்கு அதைச் சொன்னோம். இலக்கணம் படியாத அவர் அதைச் சொல்லுக்குச் சொல் விளங்கிக்கொண்டார்.

வந்துழிக் காண்க.