கெடுத்தவர் கொடுப்பார்

எங்கள் ஆம்பூர் முன்னேறிவிட்டது. 1978-ல் நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தபோது, பள்ளிக்கூடம் விட்டதும் பாலாற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்த காட்டுமிராண்டிகள் நாங்கள். ஒரு முழம் பறித்தால் போதும், கலங்கல் தெளியும்வரை பொறுமையாகக் குந்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. தண்ணீரே கேனில் ஏறி மாடிக்கு வருகிறது. குந்த மணலும் இல்லை. 2003-ல் மணல் விற்பனையை அரசாங்கமே ஏற்றுக்கொண்ட பிறகு, ஆறு லாரி ஏறிப் போனது, முறையான ரசீதோடும் அது இல்லாமலும்.

தோல் பதனிடும் டேனரிகள் அப்போதும் இருந்தன. நாறத்தான் செய்தன. ஆனால் அது ஆவாரம்பட்டைத் தொட்டியின் நாற்றம். பிறகு குரோமியம் வந்தது, பின்னாலேயே டாலர் வந்தது. பாகப்பிரிவினை சுமுகமாக முடிந்தது: ஷூ ஐரோப்பாவுக்கு, கழிவு எங்களுக்கு.

கேட்க நாதியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றமே கேட்டது. தோல் தொழில் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்றும் அதில்தான் சொன்னார்கள். ஆலை ஒன்றுக்கு அபராதம் 10,000 ரூபாய். எங்கள் ஷூவை ஐரோப்பாவில் ஒரு ஜோடி வாங்கப் போதுமான பணம்! இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் எங்கள் பழைய வேலூர் மாவட்டத்தின் பெயரைச் சொல்லி மார்க் வாங்குகிறார்கள். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி ஒரு தீர்ப்பு எழுதி, இழப்பீடு கொடுங்கள், குழு அமையுங்கள் என்றது. இடைப்பட்ட 28 ஆண்டுகளில் யாரும் சும்மா இருக்கவில்லை. கூட்டம் போட்டார்கள், மாவட்டத்தைக்கூட மூன்றாகப் பிரித்தார்கள்.

கேன் போடும் பையனிடம் இந்தச் சட்டத்தை விளக்கினேன். கெடுத்தவர்தான் கொடுக்கணுமாம்ப்பா என்றேன். "சரிங்க சார், நாலு கேன் பாக்கி இருக்கு" என்றான்.

இதையெல்லாம் பேசினால், "ஆயிரம் குடும்பத்துச் சோற்றில் மண் போடுகிறாயா?" என்று பாய்கிறார்கள். விடிவதற்குள் ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்களின் கூலியில் நான் ஏன் கை வைக்கிறேன்? அந்தக் கூலியிலிருந்துதானே கேனுக்கும் காசு போகிறது! கெடுத்தவர் கணக்கை அவர்கள் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் ரொக்கமாக.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் முட்டிப் போனது. ஊரே திரண்டு போய் செல்ஃபி எடுத்தது. நானும் போனேன். குனிந்து ஒரு கை அள்ள யாருக்கும் தோன்றவில்லை.

சென்னை - பெங்களூரு சாலையில் பிரியாணிக்கு வண்டியை நிறுத்துகிறவர்களே, தாராளமாக நிறுத்துங்கள், பிரியாணிக்கு நான் பொறுப்பு. தண்ணீரை மட்டும் ஊரிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள்.