சென்னை நெய்தல்: கடற்கரைத் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

தொல்காப்பியர் நெய்தலுக்கு எற்பாட்டைச் சிறுபொழுதாகக் கொடுத்தார். பார்க்கிங்கை முதற்பொருளில் சேர்ப்பதா, கருப்பொருளில் சேர்ப்பதா என்று சொல்லாமல் போய்விட்டார். அக்குறையை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம். எல்லை: வடக்கே மெரினா, தெற்கே கோவளம். வினா: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு குடும்பம் எந்தக் கடற்கரைக்குப் போவது என்பதை எப்படி முடிவு செய்கிறது?

கடலைப் பார்த்துத்தான் என்பது பாமரர் கொள்கை. அது நிற்காது. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் பாலவாக்கத்திலும் இருப்பது ஒரே வங்கக்கடல், அதே உப்பு. மாறுவது கரை மட்டுமே. ஆகவே கடற்கரைத் தேர்வில் கடலுக்கு வாக்குரிமை இல்லை என்பது நம் துணிபு.

மெரினாவை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைமுகம் கட்டும்வரை அங்கே இவ்வளவு மணல் கிடையாது. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்தது. மெரினா கொழுத்தது, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. அங்கே இன்று கருங்கல்லைக் கொட்டித்தான் அலையை நிறுத்தியிருக்கிறார்கள். வடசென்னைக்காரர்கள் பஸ் பிடித்து மெரினாவுக்கு வருவது, தங்களுக்கு வரவேண்டிய மணலைப் பார்த்துவிட்டுப் போகத்தான்.

அந்த மணலின் அகலம் சாமானியமல்ல. 2022இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமைத்த மரப்பாதையின் நீளமே 263 மீட்டர். (அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதில் ஒரு பகுதியைப் பெயர்த்தது. கடல் வாக்குரிமை கேட்ட சந்தர்ப்பம் அது.) கோவையிலிருந்து வந்த மாமனார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, “ஏனுங்க மாப்பிள்ளை, கடல் இன்னும் எவ்வளவு தூரமுங்க?” என்கிறார். “இதோ மாமா, அந்தப் பஜ்ஜிக் கடையைத் தாண்டினா வந்துரும்.” பஜ்ஜிக் கடையைத் தாண்டினால் பலூன் சுடும் கடை வருகிறது. அதைத் தாண்டினால் ராட்டினம். இருந்தும் வெளியூர் விருந்தாளி வந்தால் மெரினாதான். இவ்விதிக்கு விலக்கு இல்லை.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குக் கடலைப் பார்க்க வருபவர் சிலரே. வருபவர்களைப் பார்க்க வருபவர் பலர். 1930இல் மூழ்கிக்கொண்டிருந்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் நாட்டவரான ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் மணலில் நிற்கிறது. அதில் சாய்ந்து செல்ஃபி எடுப்பவர்கள் அவர் யாரென்று கேட்பதில்லை. நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கல் இங்கே முழுமையாக வெளிப்படுவது கடலோரத்தில் அல்ல, அவென்யூக்களில். “அந்த வெள்ளைக் கார் எடுக்கிற மாதிரி இருக்குங்க.” “இல்லம்மா, அவரும் இடம்தான் தேடுறார்.”

பாலவாக்கம், நீலாங்கரையில் கூட்டம் குறைவு. “அங்க ஒண்ணுமே இல்லப்பா” என்று பிள்ளைகள் தள்ளிவிடுவார்கள். ஒண்ணு என்பது சுட்ட சோளம்.

கோவளம் 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை. சான்றுக்கு நீரின் தூய்மையையும் சோதிக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் அம்மாக்கள் மெச்சுவது கழிவறையை. நம் ஆய்வுக்கு அகப்பட்டவற்றுள் உறுதியான அளவுகோல் இது ஒன்றுதான். சுண்டல், குதிரை, காற்று எதற்கும் இந்தக் கனம் கிடையாது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். என்றாலும் தூரம் என்றும், டோல் கட்ட வேண்டும் என்றும் அப்பாக்கள் தீர்மானத்தைத் தோற்கடித்துவிடுகிறார்கள்.

மேற்கண்ட கொள்கைகள் யாவும் வீட்டைப் பூட்டும்வரைதான் செல்லும். நாலு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஆறேகாலுக்கு அடையாறு சிக்னலில் நிற்கிறது. பின்சீட்டில் சின்னவன் தூங்கிவிட்டான். “இதுக்கு மேல எங்க போறது? திருவான்மியூரே போயிடலாம்.” திருவான்மியூர்க் கடற்கரைக்குப் போகலாம் என்று முதலிலேயே முடிவு செய்து கிளம்பியவர், அவ்வூர்க்காரர் நீங்கலாக, ஒருவரும் நம் ஆய்வில் அகப்படவில்லை.