நிலவியல் சங்கச் செயலாளருக்கு ஒரு கையேடு

வாழ்த்துகள். உங்களை நிலவியல் சங்கத்தின் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். போட்டியே இல்லை. நீங்கள் டீ குடிக்க வெளியே போயிருந்தீர்கள். திரும்பி வருவதற்குள் முன்மொழிந்து வழிமொழிந்து கைதட்டியும் முடித்துவிட்டார்கள்.

பயப்படாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு சுற்றறிக்கை, வருடத்துக்கு ஒரு களப்பயணம், ஒரு பொதுக்குழு. அவ்வளவுதான் வேலை. ஒன்பது வருடம் இதைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பாதி உங்களுக்கே கைவந்திருக்கும். மீதியையும் கற்றுக்கொண்டால், ஒரு கல்லைக்கூட நின்று பார்க்காமல் ஒரு நிலவியல் சங்கத்தைப் பல ஆண்டுகள் நடத்தலாம்.

1. தேதியில் கவனமாக இருங்கள்.

களப்பயணம் ஞாயிற்றுக்கிழமை என்றால் சுற்றறிக்கை செவ்வாய்க்கிழமை கையில் கிடைக்க வேண்டும். அடுத்த செவ்வாய். 'எதிர்வரும் நிகழ்ச்சிகள்' என்ற தலைப்பின் கீழ் நடந்து முடிந்ததைப் படிக்கும்போது உறுப்பினருக்கு ஒரு நிம்மதி வரும். அதைக் கெடுக்காதீர்கள். யாராவது கேட்டால் அச்சகத்தைச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போடலாமே என்பார்கள். தாராளமாகப் போடுங்கள். காலை ஆறு மணிக்கு, ரோஜாப்பூ வணக்கங்கள் வரத் தொடங்கும் நேரமாகப் பார்த்து. ஏழு மணிக்குள் அது மண்ணுக்கடியில் போய்விடும். படிவுப் பாறை எப்படி உருவாகிறது என்று இதைவிட யாரும் விளக்க முடியாது.

2. முதல் பக்கத்தில் தலைவர்.

கல்லைப் படமெடுக்கும்போது அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ சுத்தியலையோ வைப்பது நம் துறை வழக்கம். நீங்கள் தலைவரை வையுங்கள். அவர் கல்லை மறைத்து நின்றால் கீழே விளக்கம் எழுதும் வேலையும் மிச்சம்.

3. செய்தி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பொன்னாடை போர்த்தியவர், போர்த்திக்கொண்டவர், போர்த்தும்போது பின்னால் நின்றவர். இவை செய்தி.

சென்ற கூட்டத்தில் ஒரு ஆய்வாளர் பறங்கிமலைப் பாறையைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசினார். கல்கத்தாவின் ஆதிகாலக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அந்தக் கல்லைப் பார்த்து தாமஸ் ஹாலண்ட் 1893ல் அந்தப் பாறைவகைக்கே சார்னோகைட் என்று பெயர் வைத்தார். நாம் மின்சார ரயிலில் கடந்துபோகிற மலை. கிட்டத்தட்ட 250 கோடி வயது. பெயரோ கல்கத்தாவில் செத்துப்போன ஒருவருடையது. இதைச் சொல்லிவிட்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டைச் சுற்றுக்கு விட்டார். எண்ணெய் தடவியதுபோல் பச்சை கலந்த கறுப்பு. கடைசி வரிசைப் பையன்கள்கூட போனைப் பையில் போட்டுவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் எழுதிவிடாதீர்கள். 'சிறப்புரை ஆற்றினார். உரை பயனுள்ளதாக அமைந்தது' என்பது போதும். மிச்ச இடத்தில் வரவேற்புரை, நன்றியுரை, தொகுப்புரை, மைக் செட் உபயம்.

4. நிருபர் அழைத்தால் 'இருக்கலாம்' என்று சொல்லுங்கள்.

2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிது பெரிதாக உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது. விவரம் தெரிந்தவர்கள் போய்ப் பார்த்து, முட்டையுமில்லை கோழியுமில்லை, பழைய கடலடிச் சேற்றில் உருண்டு திரண்ட கற்கள் என்றார்கள். பாருங்கள், எவ்வளவு அழகான செய்தியை எப்படிக் கெடுத்தார்கள்! நீங்கள் அந்தத் தவறைச் செய்யக் கூடாது. 'இருக்கலாம், ஆய்வுக்கு உட்பட்டது' என்று சொல்லிவிட்டு உங்கள் பெயரின் எழுத்துகளை நிருபருக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.

நிஜமான டைனோசர் வேண்டுமென்றால் அரியலூர் கல்லமேடு இருக்கிறது. அங்கே கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு 1980களில் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல எலும்பு இல்லை, பொடிந்துபோய்விட்டது. மிஞ்சிய படங்களை வைத்துக்கொண்டு இன்னும் வாதாடுகிறார்கள். சுற்றறிக்கையில், இல்லாத முட்டைக்கு இரண்டு பக்கமும் இருந்த எலும்புக்கு இரண்டு வரியும் ஒதுக்குங்கள்.

5. முன்னோர் வழி நில்லுங்கள்.

உலகின் முதல் நிலவியல் சங்கம் 1807ல் லண்டனில் தொடங்கியது. எங்கே? ஒரு சாப்பாட்டு விடுதியில். பதின்மூன்று பேர், சேர்ந்து சாப்பிட. ஆகையால் பொதுக்குழுவில் சாம்பார் சாதத்தைப் பற்றி நாற்பது நிமிடம் விவாதம் நடந்தால் கூசாதீர்கள். அது மரபு.

தனி ஆளாக நாடெல்லாம் நடந்து வில்லியம் ஸ்மித் 1815ல் இங்கிலாந்துக்கு நிலவியல் வரைபடம் போட்டார். கால்வாய் வெட்டுகிற இடத்தில் சர்வேயர், கனவான் இல்லை, சங்கத்தில் இடமும் இல்லை. 1819ல் கடன்காரர் சிறைக்குப் போனார். 1820ல் சங்கத்தின் பெரியவர் க்ரீனோ போட்டி வரைபடம் வெளியிட்டார். 1831ல்தான் ஸ்மித்தைக் கூப்பிட்டுத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். நம் சங்கத்திலும் வேலை செய்கிறவரைப் பதினாறு வருடம் காக்க வைத்துவிட்டுப் பிறகு ஒரு சால்வை போர்த்தலாம். சால்வைதான் எப்படியும் கைவசம் இருக்கிறதே.

அங்கே 1919 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. நாம் எவ்வளவோ மேல். சேர்த்துக்கொண்டு, சந்தனமும் கல்கண்டும் கொடுக்க வாசலில் நிறுத்துகிறோம். முனைவர் பட்டம் வாங்கியவர் என்றால் குத்துவிளக்கு ஏற்றும்போது மெழுகுவர்த்தி நீட்டும் பொறுப்பு.

6. களப்பயணம்.

இதில்தான் உங்கள் திறமை தெரியும். படிப்படியாகப் போங்கள்.

தமிழ்நாட்டில் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்கள் நான்கு: பறங்கிமலை, திருவக்கரை, சாத்தனூர், காரை. சென்னையிலிருந்து கிளம்பி ஒரே நாளில் மூன்றைப் போடுங்கள்.

'சரியாகக் காலை 5 மணி' என்று அச்சிடுங்கள். ஏழே காலுக்குக் கிளம்புங்கள். ஐந்து மணிக்கு வந்து நின்ற புது உறுப்பினருக்கு டயர் மேல் இருக்கை.

வழியில் டிபன். பொங்கல் தீர்ந்துவிட்டது, பூரி ஆகும் என்றால் காத்திருங்கள்.

திருவக்கரையில் முதலில் சந்திரமௌலீஸ்வரர், பிறகு வக்கிரகாளி, பிறகு பொட்டலச் சாப்பாடு. கல்மரங்கள் 2 கோடி வருடமாகக் கிடப்பவை. புளியோதரை முடியும்வரை கிடக்கும். ஊறுகாய் வந்ததா என்று பாருங்கள். நீர்த்த அமிலப் பாட்டில் வந்ததா என்று பார்க்க வேண்டாம். பத்து மடங்கு காட்டும் கை லென்ஸ் வேன் பரணில் சாப்பாட்டு டிரம்முக்கு அடியில் பத்திரமாக இருக்கட்டும்.

தப்பித்தவறி ஒருவர் சட்டைப்பையில் லென்ஸ் இருந்து, அவர் ஒரு கட்டையின் குறுக்குவெட்டில் குனிந்துவிட்டால் உஷார். நாரும் துளையும் அப்படியே தெரியும். வெள்ளத்தில் அடித்து வந்து மணலில் புதைந்த மரம். சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் ஊறி ஊறி, மரத்தின் உயிரணு இருந்த இடத்தையெல்லாம் கல் பிடித்துக்கொண்டது. விறகுக்கடையில் கிடப்பது போலவே இருக்கும், விரலால் சுண்டினால் கணீர் என்னும். சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781லேயே வந்து பார்த்து எழுதியிருக்கிறார். குனிந்தவர் நிமிர அரை மணி ஆகும், அவரைச் சுற்றி நாலு பேர் கூடுவார்கள். உடனே விசில் ஊதி குரூப் போட்டோவுக்குக் கூப்பிடுங்கள். ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டையின் மேல் விரியுங்கள். நீளம் சரியாக இருக்கும்.

உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் வந்து, "இதெல்லாம் வக்கிராசுரன் எலும்புன்னு எங்க ஆயா சொல்லும் சார்" என்பார். சிரியுங்கள். பலமாக. மழைக்குப் பிறகு ஓடைக்கரை சரிந்து புதிதாக ஒரு கட்டை தெரிகிறது என்று சொல்லத்தான் அவர் வந்தார். நீங்கள் சிரித்ததில் அது அவரோடு வீட்டுக்குப் போய்விடும்.

சாத்தனூர்: 1940ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்ன 18 மீட்டர் மரம். ஏழு நிமிடம். செல்ஃபி.

காரைப் பள்ளத்தாக்கில் கால் வைக்கும்போது பொழுது சாய்ந்திருக்க வேண்டும். வெயிலில் வந்தால் ஜிப்சத் தகடுகள் உடைந்த கண்ணாடி போல மினுங்கித் தொலைக்கும்; கடலில் நீந்திய பெலம்னைட்டுகளின் கூர் முனைகள் துப்பாக்கித் தோட்டா போல காலடியில் கிடக்கும்; பார்க்க ஆரம்பித்தால் யாரும் வேன் ஏற மாட்டார்கள். இருட்டில் அந்தத் தொல்லை இல்லை. செல்போன் விளக்கில் உங்கள் செருப்பைப் பார்த்து நடங்கள்.

7. ஏதாவது எடுத்து வாருங்கள்.

'கற்களை உடைக்கவோ எடுக்கவோ கூடாது' என்று பலகை இருக்கும். அதன் மேல் பையை மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முக்கியமான விதி ஒன்று: எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு என்று துண்டுச்சீட்டு எழுதி ஒட்டக் கூடாது. எங்கே கிடைத்தது என்ற விவரம் போய்விட்டால் புதைபடிவம் ஆராய்ச்சிக்கு உதவாது. உதவாவிட்டால் யாரும் கேட்டு வர மாட்டார்கள். யாரும் வராவிட்டால் அது உங்களுடையது.

என் வீட்டு ஷோகேஸில் பதினேழு இருக்கின்றன, கொலு பொம்மைகளுக்கும் பேரன் வாங்கிய கேரம் கோப்பைக்கும் நடுவில். எது எங்கே எடுத்தது என்று பேரன் கேட்டால், "அரியலூர் பக்கம்" என்பேன். ஒன்று திருவக்கரையாகவும் இருக்கலாம். என் மனைவி மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறாள். இரண்டில் வரிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. முன்னைவிடப் பார்க்க நன்றாக இருக்கின்றன.

8. எதிர்வரும் நிகழ்ச்சிகளை வரவிடாதீர்கள்.

'விரைவில்', 'விவரம் பின்னர்', 'இடம் முடிவானதும்' என்ற மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். அக்டோபர் 6 சர்வதேசப் புவிப்பன்மைத்துவ நாள் என்று யுனெஸ்கோ 2021ல் அறிவித்திருக்கிறது. அதை டிசம்பரில் கொண்டாடுங்கள். அக்டோபரில் ஆயுதபூஜை வரும். சுத்தியலுக்குப் பொட்டு வைத்து எடுத்து வைத்தபின் உடனே எடுக்க மனம் வராது.

9. பொதுக்குழு.

கோரம் இல்லை என்று அறிவித்து அரை மணி ஒத்திவையுங்கள். அதே பதினோரு பேரோடு மறுபடி தொடங்குங்கள். வரவு செலவில் டீ 1,840 ரூபாய் என்ற வரியில் ஒருவர் எழுந்திருப்பார். அவரை நிறுத்தாதீர்கள். மற்ற வரிகளைக் காப்பது அவர்தான்.

10. இளைஞர்களை ஊக்குவியுங்கள்.

ஒரு சனிக்கிழமை, நீங்கள் அடுத்த சுற்றறிக்கைக்கு மெய்ப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போது, அரியலூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் வருவாள். ஒன்பதாம் வகுப்பு. கையில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரி ஓட்டுகிறார்.

"ஐயா, இது என்ன கல்லுங்க?"

தயிர்சாத வாசனை போகாத பாக்ஸுக்குள் துணி சுற்றி, ஒரு அம்மோனைட். மூன்று சுற்று முழுதாக இருக்கும். விலா எலும்பு போல வரிவரியாக. ஓடு உரிந்த ஓரத்தில் கொத்தமல்லி இலை விளிம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடும் தையல்கோடு. அரியலூர் கடலாக இருந்த காலத்தது. தனியே ஒரு நோட்டுத் தாளில் படம் வரைந்து, குவாரியின் எந்தப் பக்கம், மேலிருந்து எத்தனை அடி என்று அப்பாவிடம் கேட்டு எழுதி வந்திருப்பாள்.

"உறுப்பினரா?" என்று கேளுங்கள்.

விண்ணப்பப் படிவம் கொடுங்கள். இரண்டு ஆயுள் உறுப்பினர்களின் பரிந்துரை, தலைமையாசிரியர் கையெழுத்தோடு போனஃபைடு சான்றிதழ், மூன்று பாஸ்போர்ட் அளவுப் படம் என்று சொல்லுங்கள். தாளை முன்பக்கம் பின்பக்கம் பார்த்துவிட்டு மடித்து டிபன் பாக்ஸில் வைப்பாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கல்லை நீங்களே வைத்துக்கொள்ளச் சொல்வாள். நோட்டுத் தாளை நீட்டினால், அது இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அவள் படி இறங்கியதும் தலையங்கத்தை எழுதி முடியுங்கள்: 'இன்றைய தலைமுறையிடம் நிலவியல் ஆர்வம் அறவே குறைந்துவிட்டது.' மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கும். கல்லை அதன் மேல் வையுங்கள். நல்ல கனம்.