திங்கட்கிழமைத் தலைவலிக்கு ஒரு நோபல்

பெறுநர்:
மருத்துவப் பரிசுக் குழுவினர்,
கரோலின்ஸ்கா நிறுவனம், ஸ்டாக்ஹோம்.

பொருள்: விடுபட்ட பயனாளிகளைப் பட்டியலில் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவன் நான். காலை 8 மணிக்கு ஒன்று, பிற்பகல் 3 மணிக்கு ஒன்று, அதோடு சரி. இரவு மாத்திரையை டாக்டர் எழுத மறந்துவிட்டார் என்று வீட்டில் சந்தேகம். மறதியல்ல, மருந்துக்கு விடுப்பு. இடைவிடாமல் உடம்பில் இருந்தால் ஓரிரு நாளிலேயே இரத்தக் குழாய்கள் அதைச் சட்டை செய்வதில்லை. தினமும் 10, 12 மணி நேரம் கண்ணில் படாமலிருந்தால்தான் மறுநாள் மரியாதை. மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்ட மாப்பிள்ளைக்கு நேர்வதுதான்.

இதை முதலில் அனுபவித்து அறிந்தவர்கள் டைனமைட் ஆலைத் தொழிலாளர்கள். டைனமைட்டின் சரக்கான நைட்ரோகிளிசரினும் ஒரு நைட்ரேட்தான். அதைத் தொட்டுப் புழங்கினால் முதல் நாள் மண்டை பிளக்கும். சில நாளில் பழகிவிடும். ஞாயிறு விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போக, திங்களன்று மறுபடி மண்டையிடி. ஆகவே சிலர் தொப்பியின் உள்பட்டையில் அதைக் கொஞ்சம் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வெடிமருந்தைத் தலையில் சுமந்தபடி ஓய்வுநாள்! உடம்பு மருந்துக்குப் பழகுவதையும் அந்தப் பழக்கம் கலைவதையும் வாராவாரம் சொந்தத் தலையில் சோதித்தவர்கள் அவர்கள். எல்லோரும் தலைவலியோடு தப்பவில்லை. மருந்தில்லாத விடுமுறையில் குழாய்கள் இறுகி, நெஞ்சுவலி வந்து, திடீரென்று செத்தவர்களும் உண்டு.

1879இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மர்ரெல் அதே பொருளை நெஞ்சுவலிக்கு மருந்தாகப் பரிந்துரைத்தார். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே 1896இல் அதை எழுதிக் கொடுத்தார்கள், மக்கள் மிரளக் கூடாதென்று 'ட்ரைநைட்ரின்' என்ற பெயரில். விதியின் கேலியைப் பாருங்கள் என்று அவரே கடிதம் எழுதினார். அந்த டிசம்பரில் காலமானார். 1998இல், இந்த மருந்து உடலில் வெளிவிடும் நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் பரிசளித்தீர்கள். நல்லது. தொப்பிக்காரர்கள் பெயர் எங்கே?

உங்கள் விதிகள் தெரியும். ஒரு பரிசை மூவருக்கு மேல் பங்கிட முடியாது. சீட்டுக் குலுக்கிக்கொள்கிறோம். இறந்தவர்களுக்குப் பரிசில்லை என்பீர்கள். இறந்ததுதானே ஐயா அவர்கள் சமர்ப்பித்த ஆய்வறிக்கை! தங்களைத் தாங்களே முன்மொழியக் கூடாதாம். கவலை வேண்டாம், அந்தப் பழக்கம் அவர்களுக்குக் கிடையாது. நிதி இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பரிசுப் பணத்தின் மூலதனத்தில் அவர்கள் தலைவலியும் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று. மருத்துவப் பரிசை நீங்கள் அறிவிப்பது அக்டோபரில், ஒரு திங்கட்கிழமை. இது தற்செயல் என்று நம்ப நான் தயாரில்லை.

இப்படிக்கு,
நைட்ரேட் நுகர்வோர் ஒருவர்

இணைப்பு: பழைய தொப்பி – 1. உள்பட்டையைக் கையுறை அணிந்து தொடவும்.