குழாயை எடுக்கலாமா?

கேள்வி: பக்கவாதத்தில் நினைவிழந்த பெரியவருக்கு மூக்குவழிக் குழாயில்தான் உணவு. "எடுத்துடுங்க சிஸ்டர், எங்க சம்மதம்தான்" என்கிறார் மூத்த மகன். "அப்பாவைக் கொல்லாதீங்க" என்கிறாள் மகள். நான் யார் பேச்சைக் கேட்க?
- ஒரு செவிலியர், பள்ளிப்பட்டு

பதில்: குழாய் உங்கள் கையில் இருக்கலாம், முடிவு உங்கள் கையில் இல்லை. மகன் கையிலும் தனியாக இல்லை.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973-ல் தாக்கப்பட்டு, 2015-ல் இறக்கும்வரை நினைவின்றிக் கிடந்தார். உணவை நிறுத்தக் கோரி எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். அருணாவைத் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்த செவிலியர்களோ கூடாது என்றார்கள். 2011-ல் நீதிமன்றம் அவர்கள் பக்கமே நின்றது. அத்தனை ஆண்டுகள் படுக்கையில் இருந்தவருக்குப் படுக்கைப்புண் வராமல் காத்த கைகள் அவை! இந்தியச் செவிலியத்தின் பெருமை என்று எதையாவது காட்டச் சொன்னால் அதைத்தான் காட்டுவேன்.

2018-ல் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதற்கு உச்ச நீதிமன்றம் வழி வகுத்தது. 2023-ல் அதை எளிதாக்கியது. நெருங்கிய உறவினர் ஒப்புதலோடு, மும்மூன்று மருத்துவர் கொண்ட இரண்டு குழுக்கள் சம்மதிக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: இருவர் சொன்னதையும் தேதி, நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் சொல்லுங்கள். மகனையும் மகளையும் ஒன்றாக அவர் முன் உட்கார வையுங்கள். "அப்பா நன்றாக இருந்தபோது இதைப் பற்றி என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் சண்டை அடங்கும். அதுவரை பெரியவரைப் புரட்டிப் படுக்க வைப்பதை மட்டும் நிறுத்தாதீர்கள்.