மூட்டைக்கு இரண்டு கொக்கி

ராஸ் அல் கைமா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"பள்ளத்தாக்கின் குறுக்கே கம்பி கட்டி, மனுஷனைத் தொங்கவிட்டுத் தள்ளிவிடுகிறார்களாமே, அதற்குக் காசு வேறா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், காசுதான். சில நூறு திர்ஹாம். ரூபாயில் பெருக்காதீர்கள், பெருக்கிப் பார்க்கிறவன் இந்த ஊரில் ஒரு டீ குடிக்க முடியாது. ஆனால் அந்தக் காசு தள்ளிவிடுவதற்கு அல்ல, தள்ளிவிடுவதற்கு முன்னால் நடக்கிற வேலைக்கு என்பதுதான் என் கட்சி. வெளியே சாகசம் என்று போர்டு இருக்கிறது. உள்ளே விற்பது முன்ஜாக்கிரதை.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெபல் ஜைஸ், அமீரகத்திலேயே உயரமான மலை. நம் கொடைக்கானலைவிடக் கொஞ்சம் தாழ்வு. அது இருக்கும் மலைத்தொடருக்கு ஹஜர் என்று பெயர். அரபியில் ஹஜர் என்றால் கல். பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை. பச்சை என்று பார்த்தால் பேருக்குச் சில முட்செடிகள். 2018-இல் இங்கே திறந்த அந்தக் கம்பி, அதாவது ஜிப்லைன், 2.83 கிலோமீட்டர், உலகத்திலேயே நீளமானது என்று கின்னஸில் ஏறியது. சென்னை நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் போகிற தூரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதைக் குப்புறப் படுத்தபடி, மணிக்கு 150 கிலோமீட்டர் வரை வேகத்தில் கடக்கலாம் என்கிறார்கள். அவ்வளவு துணிச்சல் இல்லாதவர்களுக்கு அதே மலையில், வழிகாட்டிகள் கூடவே வந்து சின்னச் சின்னக் கம்பிகளில் முகட்டுக்கு முகடு அனுப்பிவைக்கிற சுற்றுலாவும் உண்டு.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, நம் கிணற்றுக் கப்பிதான். கிணற்றில் கப்பி நிற்கும், கயிறு ஓடும்; இங்கே கயிறு நிற்கும், கப்பி ஓடும். வாளிக்குப் பதில் ஆள். ஆனால் வாளியை யாரும் எடை போடுவதில்லை. ஆளைப் போடுகிறார்கள், ரைஸ் மில்லில் மூட்டையைப் போடுகிற மாதிரி. காரணம் இருக்கிறது. கம்பி நேராக இருக்காது, நடுவில் தொய்ந்து கடைசியில் சற்று மேலேறும். ஒல்லியான ஆள் எதிர்க்காற்றில் அந்த ஏற்றத்தை எட்டாமல் நடுவழியில் நின்றுவிடலாம்; வழிகாட்டி போய் இழுத்துவர வேண்டும். கனத்த ஆள் வேண்டியதற்குமேல் வேகமாக வந்து சேர்வார். வெயில் 30 டிகிரி கூடினால் அத்தனை நீள எஃகு ஒரு மீட்டர் நீளும், தொய்வும் அதற்கேற்ப மாறும். காற்று பலமானால் கடையையே சாத்திவிடுவார்கள். அப்புறம் தொடையிலும் இடுப்பிலும் பெல்ட், தலையில் ஹெல்மெட். கப்பியோடு ஒரு கொக்கி, அது விட்டால் பிடிக்க இன்னொரு கொக்கி. மாட்டிய வழிகாட்டி இழுத்துப் பார்ப்பார். எதிர்முகட்டில் இருப்பவர் வாக்கி டாக்கியில் "அனுப்பு" என்று சொல்லும்வரை விடமாட்டார். இத்தனையும் சில நிமிஷப் பயணத்துக்கு. நம் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கக்கூட இவ்வளவு விசாரித்ததில்லை.

"அவ்வளவு பத்திரமென்றால் எதற்குப் பயம், பயமே இல்லையென்றால் எதற்குக் காசு?" என்று மடக்குவீர்கள். கொக்கி இரண்டு என்பது புத்திக்குத் தெரியும், முழங்காலுக்குத் தெரியாது. கண் பள்ளத்தைப் பார்த்ததும் கால் தானாக நடுங்கும். அந்த நடுக்கத்தை, அதற்குக் காரணமான ஆபத்தைக் கழித்துவிட்டுத் தருவதுதான் வியாபாரம். திருவிழா ராட்டினத்திலும் இதுதான் சரக்கு. அங்கே நட்டு போல்ட்டை யார், எப்போது முடுக்கினார்கள் என்று நாம் கேட்பதில்லை, அவ்வளவே.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: உலகத்தில் ஜிப்லைன் விபத்தே நடக்கவில்லையா? நடந்திருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. மறைக்கமாட்டேன். ஆனால் அந்த விபத்துகளைப் பாருங்கள்: கொக்கி மாட்டாமல் விட்டது, முன்னால் போனவர் இறங்குமுன் அடுத்தவரை அனுப்பியது, பிரேக் பிடிக்காதது என்ற மாதிரிதான் அடிக்கடி வரும். எஃகைவிட ஆள்தான் அசந்திருக்கிறான். அப்படியென்றால் சுற்றுலாவின் உயிர் கம்பியில் இல்லை. ஒரே கொக்கியை நூறாவது தடவையும் முதல் தடவைபோல இழுத்துப் பார்க்கிற அந்தப் பையனின் சலிக்காத கையில் இருக்கிறது. நாம் போட்டோ எடுப்பதோ பள்ளத்தாக்கை.

வீரம் எங்கே இருக்கிறது என்றால், டிக்கெட் இல்லாத இடத்தில். சீனாவின் யுன்னானில் நூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் லிசு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கயிற்றில் தொங்கித்தான் அக்கரை போனார்கள். சந்தைக்கு ஆட்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு. நேபாளத்தில் இதற்குத் துயின் என்று பெயர், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போனார்கள். அவர்களை யாரும் எடை போடவில்லை, இரண்டாவது கொக்கியும் கிடையாது. அரசாங்கங்கள் அந்தக் கயிறுகளை அவிழ்த்துப் பாலம் கட்ட ஆரம்பித்தன. மக்களும் பாலத்தைத்தான் கேட்டார்கள். இங்கே நல்ல தார் ரோடு மலைமேல்வரை போகிறது, அக்கரையில் யாருக்கும் எந்த வேலையும் இல்லை, அதனால்தான் கம்பி கட்டியிருக்கிறார்கள். இதைக் கேலியாகச் சொல்லலாம். நான் கேலியாக மட்டும் சொல்லவில்லை: இல்லாதவன் உயிரைப் பணயம் வைத்துக் கண்டுபிடித்ததற்கு, இருக்கிறவன் இரண்டாவது கொக்கியைச் சேர்த்திருக்கிறான். அது முதலில் போயிருக்க வேண்டிய இடம் வேறு.

விசிட் விசாவில் வரும்போது நீங்களும் ஏறலாம். வயதையும் எடையையும் எழுதி அனுப்புங்கள். எடை, தீபாவளிக்கு அப்புறம் பார்த்ததாக இருக்கட்டும். கல்யாண ஆல்பத்து எடையை எழுதினால் பிரயோஜனமில்லை, அங்கே தராசு வைத்திருக்கிறார்கள். சித்தியிடம் மலையைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்