ஒன்பது அங்குலத் தகராறு

பார்சிலோனா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்களும் சித்தியும் இங்கே வந்ததும் மார்செய்க்கு ரயிலில் போய்வர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் ஒரே கடலின் கரையில் இருக்கிற துறைமுகம், ஒரே விசா, ஒரே யூரோ, தூரமும் சுமார் 500 கிலோமீட்டர். ஏறி உட்கார வேண்டியதுதானே, இதற்கு என்ன பெரிய திட்டம் என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஐரோப்பியர்கள் எல்லையை மனிதர்களுக்காகத்தான் எடுத்தார்கள், ரயிலுக்காக எடுக்கவில்லை. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே 1995-லேயே ஷெங்கன் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. தண்டவாளத்துக்கு மட்டும் அந்தச் சேதியை யாரும் சொல்லவில்லை. ஆகவே இங்கே ரயில் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர் புறப்படும் ஊரையும் சேரும் ஊரையும் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நடுவில் இருக்கும் எல்லையை எப்படித் தாண்டுவது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே அமையும்.

பொன்மலைப் பட்டறையில் காலம் கழித்த உங்களுக்கு கேஜ் பற்றி நான் பாடம் எடுப்பது அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் கேளுங்கள். பிரான்சில் தண்டவாளத்தின் அகலம் 1435 மில்லிமீட்டர். ஸ்பெயினின் பழைய பாதைகளில் 1668. நம் பிராட் கேஜ் 1676 என்பதால், ஸ்பெயின் பாதை பக்கத்து வீட்டு பிரான்சைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். நெப்போலியனுக்குப் பிறகு பிரெஞ்சுப் படை ரயிலேறி வந்துவிடுமோ என்ற பயத்தில் வேண்டுமென்றே அகலமாகப் போட்டார்கள் என்று இங்கே பலரும் சொல்வார்கள். கதை நன்றாக இருக்கிறது, ஆனால் நம்பாதீர்கள். 1844-ல் அறிக்கை கொடுத்த பொறியாளர்கள் சொன்ன காரணம் உங்கள் பட்டறைக் காரணம்தான்: மலைநாட்டில் ஏற்றம் அதிகம், பெரிய கொதிகலன் வைத்த இஞ்சின் வேண்டும், அதற்கு அகலம் வேண்டும். விளைவு என்னவென்றால், ஒன்பது அங்குல வித்தியாசம் எல்லையில் ஓர் ஊருக்கே சோறு போட்டது. பிரான்ஸ் பக்கத்து செர்பேரில் ஸ்பெயின் ஆரஞ்சுகளைக் கூடை கூடையாக ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கென்றே பெண்கள் வேலையில் இருந்தார்கள். கூலி போதவில்லை என்று 1906-ல் அவர்கள் வேலைநிறுத்தமும் செய்தார்கள். இன்றைக்கும் கரையோரப் பாதையில் வடக்கே போகிற ஸ்பெயின் வண்டி செர்பேர் வரை போய் நிற்கும். தெற்கே வருகிற பிரெஞ்சு வண்டி ஸ்பெயின் பக்கத்து போர்ட்போ வரை வரும். விருந்தாளியை அடுத்த வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுகிற மரியாதை அது. வாசலுக்கு உள்ளே போக மாட்டார்கள்.

அதிவேகப் பாதை வந்துவிட்டதே, அதில் எல்லையெங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். உண்மைதான். பிரனீஸ் மலையைக் குடைந்து எட்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளத்தில் சுரங்கம் போட்டார்கள். பெர்பின்யானுக்கும் ஃபிகேரஸுக்கும் இடையே 2010-ல் வண்டி ஓடியது. 2013-ல் அது பார்சிலோனா வரை சேர்ந்தது. முழுக்க 1435 தான், இறங்கி மாற வேண்டியதில்லை. ஆனால் கேஜில் போன எல்லை டிக்கெட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாட்டு ரயில்வேயும் கூட்டாக நடத்திய சேவை 2022 கடைசியில் முடிந்துபோனது. 2023 ஜூலையில் ஸ்பெயின் ரயில்வே தனியாக மத்ரீதிலிருந்து பார்சிலோனா வழியாக மார்செய்க்கு வண்டி விட்டது. பிரெஞ்சு ரயில்வே பாரிசுக்கும் பார்சிலோனாவுக்கும் இடையே தன் வண்டியை ஓட்டுகிறது. இவர் வண்டியை அவர் கடையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அப்படி ஒரு வண்டி உலகத்தில் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள். முன்பதிவும் இரண்டு பக்கமும் ஒரே நாளில் திறப்பதில்லை. நம் ஊரில் அறுபது நாளுக்கு முன்னால் காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும் என்று நாடே அறியும். இங்கே தேதியைத் தெரிந்துகொள்வதே ஒரு வேலை. அங்கே இடம் கிடைக்குமா என்று கவலை. இங்கே இடம் கிடைக்கும், என்ன விலைக்கு என்பதுதான் கவலை. நாள் போகப்போக விலை ஏறும். வெயிட்டிங் லிஸ்டும் கிடையாது, தத்காலும் கிடையாது, எம்.பி. கடிதமும் செல்லாது.

ஐரோப்பிய ஒன்றியம் என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன செய்கிறது என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். சட்டம் போட்டிருக்கிறது. 2023 ஜூன் முதல் அமலில் இருக்கும் விதிப்படி, ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம் திருப்பித் தர வேண்டும். நம்மூரில் இந்தக் கணக்கில் கொடுத்தால் ரயில்வே பட்ஜெட் என்னாகும் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. ஆனால் அதே சட்டத்தில் ஓர் ஓட்டை. ஒரே ரயில்வேயின் வண்டிகளில் மாறிப் போனால்தான் முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட் தந்தாக வேண்டும். முதல் பாதிக்கு ஒருவரிடமும் மறுபாதிக்கு இன்னொருவரிடமும் தனித்தனியாக வாங்கினால், முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அது உங்கள் தலைவிதி. கன்னியாகுமரியில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் ஜம்மு வரை போகிறவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். நம்மிடமும்தான் கேஜ் குழப்பம் இருந்தது. எழும்பூரில் மீட்டர், சென்ட்ரலில் பிராட் என்று எத்தனை காலம் ஓட்டினோம்! ஆனாலும் இரண்டுக்கும் மேலே ஒரே ரயில்வே போர்டு இருந்ததால், 1992-ல் எல்லாவற்றையும் ஒன்றாக்கலாம் என்று ஒரே கையெழுத்தில் இறங்க முடிந்தது. அதே 1992-ல்தான் ஸ்பெயின் மத்ரீதிலிருந்து செவில்லுக்கு 1435 அகலத்தில் அதிவேகப் பாதை திறந்து, வீட்டில் இருக்கிற கேஜ்களோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டது.

விமானத்தில் ஒரு மணி நேரம்தானே என்று சித்தி சொல்வார்கள். விமான நிலையத்துக்குப் போக ஒரு நேரம், சோதனைக்கு ஒரு நேரம், மார்செய் விமான நிலையம் ஊருக்கு வெளியே என்பதால் அங்கிருந்து பஸ்ஸில் ஒரு நேரம் என்று கூட்டிப் பாருங்கள். ரயிலின் ஐந்து மணி நேரத்துக்கு அது பக்கத்தில் வந்துவிடும். அதோடு, விமானத்தில் போனால் பாதையின் நல்ல பகுதி போய்விடும். பெர்பின்யானிலிருந்து மோன்பெலியே வரைக்கும் அதிவேகப் பாதை இன்னும் போடப்படவில்லை. ஆகவே அந்தப் பெரிய வண்டி அங்கே பழைய பாதையில் நிதானமாகப் போகிறது. வண்டி அடக்கமாகப் போகிற அந்த இடத்தில்தான் இரண்டு பக்கமும் நீர்: லெக்காத், பாஜ், தோ என்று வரிசையாக உப்பங்கழிகள், அவற்றில் பூநாரைகள். வேகப் பாதை வந்தால் இந்தக் காட்சி ஜன்னலிலிருந்து போய்விடும். அந்த மட்டில் நிதிப் பற்றாக்குறை வாழ்க என்பேன்.

ஆகவே என் தீர்ப்பு இது. போகும்போது நேர்வண்டி, ஒரே டிக்கெட், ஜன்னலோரம் கடல் பக்கமாக. திரும்பும்போது அவசரப்படாமல் இரண்டு நாள். முதல் நாள் கொலியூரில் தங்கல். 1905-ல் மத்தீஸும் டெரெயினும் வந்து கண்கூசும் வண்ணங்களில் வரைந்த ஊர். ஸ்பெயினிலிருந்து உயிர் பிழைத்து எல்லை தாண்டிய கவிஞர் அன்தோனியோ மச்சாதோ 1939-ல் கண்மூடியதும் அங்கேதான். மறுநாள் போர்ட்போ. அங்கே இறங்கி, உள்ளூர் வண்டிக்கு மாறி, பார்சிலோனா. இந்த உள்ளூர் வண்டிகளில் முன்பதிவு வேண்டாம். ஒன்று தவறினால் அடுத்ததில் ஏறலாம். யூரெய்ல் பாஸ் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஒரு பயணத்துக்கு வேண்டாம். பாஸ் இருந்தாலும் அதிவேக வண்டிக்கு இருக்கைப் பதிவுக் கட்டணம் தனி.

ஒரு விஷயம் மறக்காதீர்கள். எல்லையில் சோதனை இல்லை என்பது ஏட்டில்தான்; 2015 நவம்பரிலிருந்து பிரான்ஸ் தன் எல்லைச் சோதனைகளைத் தற்காலிகம் என்று சொல்லிச் சொல்லியே நீட்டித்துக்கொண்டு வருகிறது. ஆகவே பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியின் அடியில் புடவைக்குக் கீழே வேண்டாம். பார்சிலோனா ஸ்டேஷனில் பெட்டிகளை எக்ஸ்ரேயில் விடுவார்கள், அரை மணி முன்னதாகப் போய்விடுவோம். ஊறுகாய் பாட்டிலைச் சித்தி குறைத்துக்கொண்டால் நல்லது: மார்செய் சான் ஷார்ல் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் இறங்கும் பெரிய படிக்கட்டில் 104 படிகள் இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்